எல்லாரும் வரும்வரை சாயங்காலம்

சமையல்காரம்மா தன் மகளின் கல்யாண வரவேற்பை வீட்டிலேயே வைத்த அன்று, அந்தத் தெருவில் மட்டும் இருட்டவில்லை. பக்கத்துத் தெருவில் வழக்கம்போல இருட்டியது. முனையில் இருந்த செருப்புக்கடையின் இடது பாதியில் விளக்குப் போட்டிருந்தார்கள், வலது பாதியில் மஞ்சள் வெயில் அடித்தது. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அன்று செருப்பு வாங்கப் போனவர்கள் இன்னும் அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறார்கள். வெளிச்சமுள்ள பக்கம் கொண்டுபோய் நிறம் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

சமையல்காரம்மா பெரிய ஆஸ்பத்திரியின் சமையற்கூடத்தில் வேலை பார்த்தார். இதய நோயாளிகளுக்கு உப்பில்லாத சூப், சர்க்கரைக்காரர்களுக்கு இனிப்பில்லாத பால், தொண்டையில் அறுவை செய்தவர்களுக்கு வடிகட்டிய காய்கறிச் சாறு என்று வார்டு வார்டாகப் பிரித்துச் சமைத்துப் பழகிய கை. அந்தக் கைக்கு வீட்டுக்கு வந்தாலும் உப்பு வராது. இந்த விஷயம் தெரு முழுக்கத் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. பிரசவமோ காய்ச்சலோ, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அந்த வீட்டு வாசலில் மூடிய பாத்திரத்தோடு முதலில் வந்து நிற்கிறவர் அவர்தான். அப்படிப்பட்டவரிடம் போய் உப்பில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆகவே அவர் வீட்டில் சாப்பிடப் போகிறவர்கள் காகிதத்தில் மடித்த உப்புப் பொட்டலம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்கள். அவர் அடுப்படிக்குத் திரும்பும் நேரம் பார்த்து ஆளுக்கொரு சிட்டிகை தூவிக்கொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு "பிரமாதம்" என்பார்கள். அவருக்கும் கண்டுபிடிக்க வழியில்லை. கரண்டியால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பதோடு சரி. மற்றபடி அடுப்பருகே நின்று, அடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டே நாலு வாய் போட்டுக்கொள்வார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "நின்னுக்கிட்டு சாப்பிட்டாத்தான் எனக்கு இறங்கும்" என்பார்.

அவர் கணவர் லிஃப்ட் பழுது பார்த்துவந்தவர். மகள் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். இரண்டு அறையும் பின்பக்கம் ஓர் அடுப்படியும் கொண்ட வீட்டில் தாயும் மகளும் மட்டும். மகள் வளர்ந்து பல்செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு அவள் கையால் செய்தது என்று அவள் மாமா, அதாவது சமையல்காரம்மாவின் தம்பி, பெருமையடித்துக்கொள்வார். மாப்பிள்ளையும் அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தான். கடலோர ஊர் ஒன்றில் கண்ணாடித் தொழிற்சாலையில் உலை பார்க்கிறவன். பாட்டிலைப் பல்லால் திறக்கப் போய் முன்பல்லை உடைத்துக்கொண்டான். பாட்டில் செய்கிறவனுக்குப் பாட்டில் திறக்கத் தெரியவில்லையே என்று அவள் சிரித்தாள். அவள் செய்து கொடுத்த பல் சரியாகப் பொருந்தவில்லை என்று சொல்லித் திரும்பத் திரும்ப அத்தனை தூரம் பஸ் ஏறி வந்தான். பல் முதல் தடவையே கச்சிதமாகப் பொருந்தியிருந்தது என்பது கல்யாணம் பேசி முடித்த பிறகுதான் தெரியவந்தது.

கல்யாணம் ஆடம்பரம் இல்லாமல் முடிவானது. காலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, சாயங்காலம் வீட்டில் வரவேற்பு, அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. மண்டபம் இல்லாத கல்யாணத்துக்கு நான் எதற்கு என்று சொல்லிவிட்டுத் தன் ஊரிலேயே இருந்துகொண்டார். உலை ஒருமுறை பற்றவைத்தால் அணைப்பதே கிடையாது என்பதால் மாப்பிள்ளைக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்த கொஞ்ச நாளில் மனைவியை அழைத்துக்கொண்டு போக வேண்டும். அவளுக்கும் அந்த ஊரிலேயே ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து வைத்திருந்தான். அன்று ராத்திரியே கிளம்புவதாகத்தான் முதலில் திட்டம். சமையல்காரம்மா அதற்கு ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "பாதியில எழுந்து ஓடக்கூடாது. கடைசி ஆள் சாப்பிட்டுக் கை கழுவணும். அதுக்கப்புறம் எப்ப வேணாலும் கிளம்புங்க." மகள் சரியென்று வாக்குக் கொடுத்தாள். மாப்பிள்ளையும் தலையாட்டினான். பிற்பாடு நடந்ததற்கெல்லாம் இந்தத் தலையாட்டல்தான் காரணம் என்று அவனைக் கேலி செய்வார்கள்.

அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை. வீடு வீடாகப் போய் வாயால் அழைப்பது என்று முடிவு. அங்கேதான் சமையல்காரம்மாவுக்கு ஒரு சங்கடம் வந்தது. எத்தனையோ வீட்டு விசேஷங்களுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாரே தவிர, தன் வீட்டுக்கு யாரையும் அவர் முறையாக அழைத்ததே இல்லை. எப்படி ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. அதனால் புறப்படுவதற்கு முன் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். மகள் அதே அறையில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "நம்ம பொண்ணுக்கு ரிசப்ஷன். வீட்லதான். நீங்க அவசியம் வரணும், வந்து உக்காந்து நல்லா சாப்பிடணும். நேரத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் சாயங்காலம்தான்." கடைசி வரி அவருக்கே பிடித்துப்போனது. ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், பட்டறையில் இருந்து வருகிறவர்கள் எல்லாரையும் நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். பிறகு தெருவில் இறங்கி ஒவ்வொரு வாசலிலும் அதையே ஒரு வார்த்தை மாறாமல் சொல்லிவிட்டு வந்தார். சொன்ன சொல்லை அந்தத் தெருவின் பொழுது அப்படியே எடுத்துக்கொண்டது.

வரவேற்பு நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு வீடு நாற்காலி கடன் வாங்கியதால் எந்த இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒருவர் காதோடும் ஒருவர் தோளோடும் பேசிக்கொண்டார்கள். உள்ளறைக் கதவைக் கீலோடு கழற்றி, இரண்டு டிரங்குப் பெட்டிகள் மேல் படுக்கவைத்து வெள்ளைத் துணி விரித்ததில் சாப்பாட்டு மேஜை கிடைத்தது. கைப்பிடி இருந்த இடத்தில் துணி புடைத்துக்கொண்டு நின்றது. அங்கே யாரும் தட்டு வைக்கவில்லை. பஸ் ஓட்டுநரான மாமா வாசலில் நின்றுகொண்டு, "முன்னாடி போங்க, முன்னாடி இடம் இருக்கு" என்று வருகிறவர்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். சூப்பும் வறுத்த கோழியும் வேகவைத்த கிழங்கும் கேக்கும் அடுப்படியில் இருந்து வந்துகொண்டே இருந்தன. பதிவு அலுவலகத்திலேயே மகள் மாப்பிள்ளையின் கோட்டுப் பையில் ஒரு பொட்டலத்தை நுழைத்து, எப்போது, எப்படித் தூவ வேண்டும் என்று காதில் சொல்லிவிட்டாள். அவன் அதைச் சொன்னபடி செய்தான். மாமியாரிடம் "பிரமாதம் அத்தை" என்றும் சொன்னான். அவன் இந்தக் குடும்பத்தில் தேறிவிடுவான் என்று அப்போதே தெருக்காரர்களுக்குத் தெரிந்துபோயிற்று.

முதலில் கவனித்தது எதிர்வீட்டுக் கடிகாரக்காரர்தான். கடிகாரம் பழுது பார்க்கிறவர். சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனவர், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மேற்கே தண்ணீர்த் தொட்டிக்கு மேல் நின்ற சூரியனைப் பார்த்தார். கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. "சூரியன்தான் லேட்" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பக்கத்துத் தெருவில் விளக்குகள் எரிவதைப் பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் பெரியவர்களும் முனைவரை போய் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் வியந்தார்கள். பிறகு, வந்த இடத்தில் பாதியில் எழுந்து போவது மரியாதையில்லை என்று திரும்பி வந்து கேக் சாப்பிட்டார்கள். ஏன் இருட்டவில்லை என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சொன்ன வார்த்தைதானே. "அக்கா, எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் சாயங்காலம்னு நீதானே சொன்னே? அப்ப யாரோ இன்னும் வரல" என்றார் மாமா. சமையல்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டே யோசித்து, "வரட்டும், சாப்பாடு இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

யார் அந்த ஆள் என்று தெருவே மண்டையைக் குடைந்துகொண்டது. முதல் சந்தேகம் மாடிவீட்டுக்காரி மேல் விழுந்தது. அவள் துவைத்துக் காயப்போட்ட துணியில் இருந்து தண்ணீர் சொட்டி சமையல்காரம்மாவின் மிளகாய் நனைந்துபோனதில் இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் சமையல்காரம்மா மாடியேறிப் போய் அழைத்திருந்தார். அவளோ வருவதா வேண்டாமா என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன்னால்தான் தெரு இருட்டாமல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கி வந்தாள். எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள். சாப்பிட்டாள், மிளகாய் விஷயத்துக்கு மன்னிப்பும் கேட்டாள். வானம் அப்படியே இருந்தது. அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அடுத்து குழாய்க்காரர். நாளைக்கு வருகிறேன் என்று சொன்னால் எந்த நாளும் வராதவர். அவரைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வர மாமா பஸ்ஸையே எடுத்துக்கொண்டு போனார். குழாய்க்காரர் கூப்பிட்ட வாரத்திலேயே ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தது அதுதான் முதல் தடவை. அந்த வாரம் நடந்தவற்றில் இதுதான் பெரிய அதிசயம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர் சாப்பிட்டு, அடுப்படிக் குழாயையும் சரிசெய்துவிட்டுப் போனார். இருட்டவில்லை. பிறகு யாரோ மெதுவான குரலில், சமையல்காரம்மா இறந்துபோன கணவரையும் மனசுக்குள் அழைத்திருப்பாரோ என்றார்கள். அதுவும் நியாயம்தானே என்று எல்லாருக்கும் பட்டது. அவருடைய பழைய கருவிப்பையை எடுத்து ஒரு நாற்காலியில் வைத்து, முன்னால் ஒரு தட்டும் வைத்தார்கள். சமையல்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, "அவர் கூப்பிடாமலே எப்பவும் இங்கதான் இருப்பார்" என்று சொல்லி, தட்டை எடுத்துப் பசியோடு நின்ற பால்காரரிடம் கொடுத்தார்.

இப்படியே நாள்கள் போயின. மற்ற தெருக்களில் நாளானது. இங்கே சாயங்காலம் ஆனது, ஆகிக்கொண்டே இருந்தது. மக்கள் ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டுத் தூங்கினார்கள். துணிகள் நன்றாகக் காய்ந்தன. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்த தாய்மார்கள் தங்கள் வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாக விளையாடிக்கொண்டே இருந்தன. இரவுக் காவலாளி சீருடை போட்டுக்கொண்டு வந்து, வேலை ஆரம்பிக்காததால் ஓரமாக உட்கார்ந்து கதை கேட்டார். வேலைக்குப் போகிறவர்கள் பக்கத்துத் தெருவின் காலையைப் பார்த்து வேலைக்குப் போனார்கள், திரும்பி வந்து முகம் கழுவிக்கொண்டு மறுபடியும் வரவேற்புக்குப் போனார்கள். வரவேற்பு முடியாதபோது எப்படிப் போகாமல் இருப்பது? சட்டைப்பையில் புதிதாக உப்பு மடித்துக்கொண்டார்கள். மணமக்களுக்குக் கொடுத்த பரிசுகளைப் பற்றிப் பேசித் தீர்ந்து, அவரவர் வீட்டுக் கல்யாணங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பல வருஷமாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்ததையெல்லாம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். மாடிவீட்டுக்காரி பாத்திரம் துலக்க உதவினாள்.

சமையல்காரம்மா கை ஓயாமல் சமைத்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டார். கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் நின்று, கூட்டத்துக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருக்கும் மகளைப் பார்ப்பார். பார்த்துவிட்டு உள்ளே போய் இன்னொரு பானை ஏற்றுவார். மகளின் பெட்டி கட்டி முடித்து, வாசல் பக்கத்துச் சுவரோரம் நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதன் மேல் காப்பிக் குவளையை வைக்க ஆரம்பித்திருந்தார்கள். மாப்பிள்ளைதான் பாவம். தொழிற்சாலையில் இருந்து போன் வந்துகொண்டே இருந்தது. உலையைப் பார்த்துக்கொள்ள அவனுக்குப் பதிலாக நின்றவன் ஒரு நாள், இனி என்னால் முடியாது, நீ வராவிட்டால் வேறு ஆளைப் போடப்போகிறார்களாம் என்று சொல்லிவிட்டான். மாப்பிள்ளை அதை மாமியாரிடம் சொல்லவில்லை. "கடைசி ஆள் வரட்டும் அத்தை" என்று சொல்லிவிட்டு, தெருமுனைக்குப் போய் இருட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

கடைசியில் சம்பந்தியம்மாவே வந்து சேர்ந்தார். மண்டபம் இல்லாததற்குக் கோபித்துக்கொண்டவர்தான். ஆனால் மகன் வேலை போகப்போகிறது என்று கேள்விப்பட்டதும் கோபம் பறந்துவிட்டது. தெருமுனையில் இருட்டில் இருந்து வெயிலுக்குள் காலை வைத்தபோது கண் கூசி, "இங்க என்ன, இன்னும் இருட்டவே இல்லையா?" என்றார். இவரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும் என்று தெருவே எழுந்து நின்றது. இரவுக் காவலாளி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். சம்பந்தியம்மா உள்ளே வந்து, மருமகள் கன்னத்தைத் தடவிவிட்டு, உட்கார்ந்து சூப்பை ஒரு வாய் குடித்தார். அவரிடம் பொட்டலம் இல்லை. முகம் மாறியது. பக்கத்தில் இருந்த கடிகாரக்காரர் மேஜைக்கு அடியில் தன் பொட்டலத்தை நீட்டினார். சம்பந்தியம்மா விவரமானவர், ஒரு வார்த்தை பேசாமல் வாங்கித் தூவிக்கொண்டார். எல்லாரும் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மேல் சூரியன் அப்படியேதான் இருந்தது. காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

இத்தனைக்கும் இவர்கள் எல்லாரும் அந்த ஒருத்தரின் கையால் வேளா வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டே, இன்னும் வராதவர் யார் என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களை எத்தனையோ தடவை எண்ணினார்கள். அடுப்படியை யாரும் எண்ணவில்லை. அங்கே இருப்பவரை வந்தவராகவும் நினைக்கவில்லை, வராதவராகவும் நினைக்கவில்லை. அப்படி அவரை நினைத்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

மகள் எழுந்து அடுப்படிக்குள் போனாள். அம்மா அடுப்பு மேடையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றபடி கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்து தடம் விழுந்திருந்தது. குதிகால் வெடிப்பில் இருந்து ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. மகள் அந்தக் கால்களைப் பார்த்தாள்.

"அம்மா, நீ ரிசப்ஷனுக்கு வரவே இல்லையே" என்றாள்.

"இங்கதானே இருக்கேன்."

"இங்க இருக்கே. அங்க வரல. கண்ணாடி முன்னாடி நின்னு முதல்ல யாரைக் கூப்பிட்டே?"

சமையல்காரம்மா உரித்த கிழங்கையே மறுபடியும் உரித்தார். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இருட்டாம நின்ன அன்னிக்கே. நீ கண்ணாடியைப் பார்த்து உன்னையே கூப்பிட்டப்ப நான் அங்கதானே துணி இஸ்திரி போட்டுட்டு இருந்தேன்."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

"நீ ஏன் திறக்கல?"

அடுப்பில் ஏதோ கொதித்து மூடி ஆடியது. சமையல்காரம்மா அதைக் குறைத்து வைத்தார். மாடிவீட்டுக்காரி வந்து சாப்பிட்ட அன்றே அவருக்குப் புரிந்துவிட்டதாம். "நான் வந்து உக்காந்தா ராத்திரி ஆயிடும். ராத்திரி ஆனா நீ கிளம்பிடுவே" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கும் போக மனசில்லம்மா. அதான் நானும் சும்மா இருந்தேன்" என்றாள் மகள். "ஆனா உன் காலைப் பாரு. நான் இங்க இருக்கணும்னா நீ நின்னுக்கிட்டே இருக்கணும். அப்படி எனக்கு இருக்க வேணாம். போதும், வா. வந்து உக்காரு."

"கிழங்கு பாதியில நிக்குது."

"மாமா உரிப்பார்."

மாமா உரித்தார். கிழங்கில் பாதி தோலோடு போயிற்று. சமையல்காரம்மா கை கால் முகம் கழுவி, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். அழைத்தவர்கள் எல்லாம் தெருவாசல் வழியாகத்தானே வந்தார்கள். அதனால் அவரும் பின்கதவு வழியாக இறங்கி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தார். பாதி வழியில், வெறுங்கையோடு எப்படிப் போவது என்று கூச்சம் வந்து நின்றுவிட்டார். மாடிவீட்டுக்காரி விடுவிடுவென்று மேலே ஏறி, யாரோ எப்போதோ கொடுத்துப் பிரிக்காமலே கிடந்த கண்ணாடி டம்ளர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள். வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தான். அந்தப் பெட்டி அவனுடைய தொழிற்சாலையிலேயே செய்தது. மேலே அச்சடித்திருந்த உலைப் படத்தைப் பார்த்தும் பார்க்காதவன்போல, "எதுக்கு அத்தை இதெல்லாம்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "வாங்க, உள்ள வாங்க, உக்காருங்க."

இருப்பதில் உயரமான நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் உட்கார்ந்தார். உட்காரும்போது ஒரு சின்னச் சத்தம் அவரிடம் இருந்து வந்தது. அது முட்டியில் இருந்து வந்ததா, தொண்டையில் இருந்து வந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியே சூரியன் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைத் தொட்டது. பார்த்தவர்கள் பார்த்தார்கள், யாரும் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மகள் சூப்பைக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தாள். சமையல்காரம்மா கரண்டியை எடுத்து, நிதானமாக ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல உப்பே இல்லையே" என்றார்.

சுற்றி இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இன்னிக்கு மட்டுமா," என்று கேட்டார், "இல்ல எப்பவுமேவா?"

கடிகாரக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப்பையில் கையை விட்டு, தன் பொட்டலத்தை எடுத்துக் கதவுமேஜை மேல் வைத்தார். பால்காரர் தன்னுடையதை வைத்தார். மாடிவீட்டுக்காரி வைத்தாள், காவலாளி வைத்தார், ஒரே ஒரு தடவை சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வந்திருந்த குழாய்க்காரர்கூட வைத்தார். மாமா அடுப்படியில் இருந்து எழுந்து வந்து, அக்காவின் கண்ணைப் பார்க்காமல் மூன்று பொட்டலம் வைத்தார். மாப்பிள்ளை கோட்டுப் பையைத் துழாவினான். கடைசியாக மகள் வைத்தாள். அவளுடையது பொட்டலம் அல்ல, சின்ன மூடி போட்ட டப்பா. பள்ளிக்கூட நாளில் இருந்து வைத்திருந்தது, மூடியில் ஒட்டியிருந்த பூப்படம் பாதி தேய்ந்திருந்தது. சமையல்காரம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். அது பாதியில் அழுகையாக மாறியது, பிறகு மறுபடி சிரிப்பானது. "இத்தனை பேர் சேர்ந்து என்னை நல்லா ஏமாத்தியிருக்கீங்க" என்றார். ஒருத்தரையும் விட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு பொட்டலத்தில் இருந்தும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டார். கடல் தண்ணீராகக் கரித்த அந்தச் சூப்பை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

நின்றுகொண்டு நாலு வாயில் சாப்பிட்டு முடிக்கிறவர், அன்று கோழியை எலும்பு எலும்பாகச் சாப்பிட்டார். கிழங்கை நாலாக வெட்டி, நாலை எட்டாக வெட்டிச் சாப்பிட்டார். கேக்கைத் துகள் துகளாக எடுத்தார். அவர் ஏன் அவ்வளவு மெதுவாகச் சாப்பிடுகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் அவசரப்படுத்தவில்லை, மாப்பிள்ளையின் போன் அடித்தபோது சம்பந்தியம்மா அதை வாங்கி அணைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். சூரியனும் அவசரப்படவில்லை. அவர் ஒரு வாய் எடுக்க, அது தொட்டிக்குப் பின்னால் ஒரு விரல் இறங்கியது. மகள் பக்கத்தில் ஒரு தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து, அந்த உயரமான நாற்காலிக்குக் கீழே தொங்கிய அவர் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டாள். கடைசித் துகளும் தீர்ந்தது. சமையல்காரம்மா தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், எழுந்து போய்க் கை கழுவினார். அவர் துண்டில் கையைத் துடைத்தபோது தெருவிளக்குகள் எரிந்தன. பிள்ளைகள் சொல்லாமலே வீட்டுக்குப் போயின. காவலாளி விசிலை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

பெட்டியின் மேல் இருந்த குவளைகளை எடுத்துவிட்டு, மாமாவின் பஸ்ஸிலேயே மணமக்களையும் சம்பந்தியம்மாவையும் ஏற்றி அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் வேலை போகவில்லை. சம்பந்தியம்மா நேராகத் தொழிற்சாலைக்குப் போய்ப் பேசிய பேச்சில் மேலாளர் வாயடைத்துப்போனார் என்று கேள்வி. கதவை மறுபடியும் கீலில் மாட்டினார்கள். அதில் ஒரு சூப்புக்கறை போகாமல் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் சமையல்காரம்மா முன்போலவே உப்பில்லாமல் சமைத்தார், வீட்டில் உப்புப் போட்டுச் சமைத்தார். முதல் வருஷம் கொஞ்சம் அதிகமாகவே போட்டார். தெருக்காரர்கள் அதற்கும் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்கள். இரண்டாம் வருஷம் பதம் பிடிபட்டது.

மகளுக்கு ஒரு பிள்ளை பிறந்தது, பிறகு இன்னொன்று. வருஷத்துக்கு ஒருமுறையாவது எல்லாரும் வந்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வந்திருக்கிற நாட்களில் அந்தத் தெருவில் இருட்டக் கொஞ்சம் தாமதமாகும். சமையல்காரம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்காரும்வரை சூரியன் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் நிற்கும். கடிகாரக்காரர் இப்போதெல்லாம் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்ப்பதில்லை. எதிர்வீட்டைப் பார்த்து, "பொண்ணு வந்திருக்காளா" என்று மட்டும் கேட்கிறார். செருப்புக்கடையில் வலது பக்க விளக்கை அன்றைக்குச் சற்றுப் பிந்திப் போடுகிறார்கள்.